இரண்டு கருவா, நான்கு கருவா?

2010ஆம் ஆண்டு வாக்கில் கணினி விளையாட்டுக்காக மடிக்கணினி வாங்கச் சென்ற இளைஞர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருந்தது. இண்டெல் நிறுவனத்தின் ஐ5-540எம் செயலியில் இரண்டு கருக்கள். அடிப்படை வேகம் 2.53 கிகாஹெர்ட்ஸ். விலை கூடிய ஐ7-720கியூஎம் செயலியிலோ நான்கு கருக்கள் இருந்தும் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ்தான்.

கரு என்பது செயலிக்குள் கட்டளைகளை நிறைவேற்றும் பகுதி. நான்கு கருக்களும் ஒருசேர இயங்கினால் வெப்பம் மிகும். மடிக்கணினியின் மெல்லிய உடலிலிருந்து அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. ஆகவே, ஒவ்வொரு கருவின் வேகமும் குறைக்கப்பட்டது. மற்றவை ஓய்ந்திருக்கும்போது மட்டும் ஒரு கரு 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை விரையும்.

கருக்கள் கூடினால் விளையாட்டும் விரைவுபெறும் என்பதற்கில்லை. சமையலறையில் நால்வர் நின்றாலும், மாவரைத்து முடிக்காமல் தோசை சுட முடியுமா? மென்பொருள் வேலையைப் பிரித்துக் கொடுத்தால்தான் கூடுதல் கருக்களால் பயன். 2010இல் வெளிவந்த ஸ்டார்கிராஃப்ட் 2 பெரும்பாலும் இரண்டு கருக்களையே பயன்படுத்தியது. அதை விளையாடியவருக்கு வேகமான இரண்டு கருக்களே போதுமானவை.

2013இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டிலும் எட்டுக் கருக்கள்! அவற்றுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் வேலையைப் பல கருக்களுக்குப் பகிர்ந்தளித்தன. மறு ஆண்டு வெளியான ஃபார் கிரை 4, இரண்டு கருக்கள் மட்டுமே கொண்ட சில கணினிகளில் தொடங்கவே மறுத்தது. கறுப்புத் திரைதான் தெரிந்தது. மடிக்கணினியில் செயலியை மட்டும் மாற்றுவதும் எளிதன்று.

ஆயினும், காட்சிகளை வரைவது வரைகலைச் செயலியே. அது வலுவற்றதாயின், நான்கு கருக்கள் இருந்தும் திரை தடுமாறும்.