நடுவில் நிற்பவர்

ஆலையில் தகராறு. தொழிலாளர் கூலி உயர்வு கேட்கிறார்கள். முதலாளி மறுக்கிறார். பேச்சு நின்று விடுகிறது. பிறகு என்ன வழி?

இரு பக்கமும் நம்பும் ஒருவர் நடுவில் வர வேண்டும். அகமதாபாத்தில் 1918-ஆம் ஆண்டு அப்படித்தான் நடந்தது.

அகமதாபாத் குஜராத்தில் உள்ள பெரிய நகரம். அங்கே பஞ்சாலைகள் நிறைய இருந்தன. 1917-இல் ஊரில் பிளேக் நோய் பரவியது. தொழிலாளர் ஊரை விட்டுப் போகாமல் இருக்க, முதலாளிகள் கூடுதல் பணம் கொடுத்தார்கள். நோய் குறைந்ததும் அதை நிறுத்தினார்கள். விலைவாசி மட்டும் குறையவில்லை.

முதலில் நடுவர் குழு ஒன்று அமைந்தது. ஆனால் சில ஆலைகளில் தொழிலாளர் அவசரப்பட்டு வேலையை நிறுத்தினார்கள். உடனே முதலாளிகள் குழுவை விட்டு விலகினார்கள். பிப்ரவரி 22-இல் ஆலைகளை மூடினார்கள்.

தொழிலாளர் கேட்டது, கூலியில் நூற்றுக்கு 35 ரூபாய் உயர்வு. முதலாளிகள் நூற்றுக்கு 20 ரூபாய்தான் தருவோம் என்றார்கள்.

தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாய் நின்றார். முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய் நின்றார். இருவரும் அக்காள், தம்பி! காந்தியடிகளும் தொழிலாளர் பக்கமே இருந்தார்.

மூன்று வாரம் ஆனது. வீடுகளில் பசி. பலர் மனம் தளர்ந்தார்கள். மார்ச் 15-இல் காந்தியடிகள் உண்ணாவிரதம் தொடங்கினார். மார்ச் 18-இல் உடன்பாடு வந்தது. பேராசிரியர் ஆனந்தசங்கர் துருவாவை நடுவராக இரு பக்கமும் ஏற்றன.

முதல் நாள் நூற்றுக்கு 35. தொழிலாளர் சொல் நின்றது. இரண்டாம் நாள் 20. முதலாளிகள் சொல்லும் நின்றது. மூன்றாம் நாள் முதல் இரண்டுக்கும் நடுவே, இருபத்தேழரை. யாருக்கும் தலைகுனிவு இல்லை. சில மாதம் கழித்துத் துருவா தீர்ப்பு சொன்னார். 35 தர வேண்டும் என்றார்.

நடுவர் தீர்ப்பு சொல்வார். சமரச அதிகாரி தீர்ப்பு சொல்ல மாட்டார். இரு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேச வைப்பார். அரசின் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரிகள் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் அவர்களுக்கு வேலை வகுத்தது. 2020-இல் இயற்றிய தொழில் உறவுச் சட்டத்திலும் அவர்களுக்கு இடம் உண்டு.

சமரச அதிகாரி முன்பு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டால், இரு பக்கமும் அதன்படி நடக்க வேண்டும். ஆகவே கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். கூலி எவ்வளவு? எந்தத் தேதி முதல்? யார் யாருக்கு? எழுத்தில் இருப்பதுதான் நாளை பேசும்.