ஒரு ஸ்பூன் என்பது எவ்வளவு?

காய்ச்சல் கண்ட கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி முடிச்சூர் சாலை மருந்துக்கடைகளில் நிற்கும் தாய்மாரை நாம் காணாத நாளில்லை. சீட்டைக் கொடுத்ததும் ஆன்டிபயாடிக் புட்டி வருகிறது. "மூன்று வேளை, ஒரு ஸ்பூன்" என்ற சொல்லும் உடன் வருகிறது. வில்லங்கம் அந்த 'ஒரு ஸ்பூனில்'தான் இருக்கிறது.

மருத்துவக் கணக்கில் தேக்கரண்டி என்பது 5 மி.லி. ஆகும். நம் அடுக்களைக் கரண்டிகளில் ஒன்று 3 மி.லி. கொள்ளும், மற்றொன்று 7 மி.லி. கொள்ளும். பாலாடையிலோ அளவுக்கோடே கிடையாது. கைக்குழந்தைக்கு மருந்து கணக்கிடப்படுவது உடல் எடையை வைத்து, மில்லிகிராமில்.

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. அமாக்சிசிலின் சொட்டு மருந்தாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. பெரும்பாலும் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 125, அதாவது 1 மி.லி.க்கு 25 மி.கி.தான். மருத்துவர் 100 மி.கி. தரச் சொன்னால் சிரப்பில் 4 மி.லி. வேண்டும். அதே 4 மி.லி.யைச் சொட்டு மருந்திலிருந்து எடுத்தால் நான்கு மடங்கு! மாற்றிக் கொடுத்தால் கால் பங்கே உள்ளே செல்லும், கிருமி பிழைத்துக்கொள்ளும். புட்டியின் மேல் பெயர் என்னவோ ஒன்றுதான்.

அமாக்சிசிலின் சற்று மிகுந்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும். எல்லா மருந்தும் அவ்வளவு சாதுவன்று. குளோராம்பெனிகால் கொடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகள் வயிறு உப்பி, மூச்சுத் திணறி, உடல் சாம்பல் நிறமாகி இறந்ததை 1959-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் திறன் இன்னும் முதிர்ந்திருக்கவில்லை என்பதே காரணம். குழந்தை என்பது சிறிய அளவிலான பெரிய மனிதர் அல்லர் என்பதை மருத்துவ உலகம் இவ்வாறுதான் கற்றது.

தூளாக வரும் மருந்தைக் கரைப்பதிலும் கவனம் தேவை. புட்டியைத் தட்டித் தூளை உதிர்த்து, காய்ச்சி ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் நீர்மட்டம் இறங்கியிருந்தால் மீண்டும் கோடு வரை நிரப்ப வேண்டும். நீர் குறைந்தால் ஒவ்வொரு மி.லி.யும் வீரியம் கூடிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்காவிட்டால் தொடக்கத்தில் வெறும் தண்ணீரும் கடைசியில் அடி வண்டலும் குழந்தைக்குப் போகும்.

கரைத்த மருந்தின் ஆயுள், வகைக்கேற்ப, 7 முதல் 14 நாட்களே. கிளாவுலானிக் அமிலம் கலந்ததைக் குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைப் போன்ற, மின்சாரமற்ற நாட்களில் குளிர்பெட்டியும் வெறும் பெட்டிதான். அப்போது பழைய புட்டியைக் கொட்டிவிட்டுப் புதியது வாங்கவேண்டியதே.