மகாநதிக் கரையில் ஒரு வாரச் சந்தை

ஒடிசா மாநிலத்தின் கட்டாக் நகரில், ஒடியா மக்களின் கார்த்திகை முழுநிலவு நாளன்று, பொழுது புலரும் முன்பே மக்கள் ஆற்றை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஒவ்வொருவர் கையிலும் வாழைமட்டையாலோ நெட்டியாலோ வண்ணத்தாளாலோ செய்த சிறு படகு ஒன்று இருக்கும். அதனுள் ஓர் அகல் விளக்கு, வெற்றிலை, பாக்கு, சில பூக்கள். படகை நீரில் விட்டு, விளக்கு சற்றுத் தொலைவு செல்லும்வரை நின்று பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றனர். இச்சடங்குக்குப் 'போயித வந்தனம்' என்று பெயர். போயித என்றால் கடலோடும் மரக்கலம். அந்நாளிலேயே மகாநதியின் கரையில், பாராபதிக் கோட்டையை அடுத்த திடலில், 'பாலி யாத்ரா' என்னும் பெருஞ்சந்தை தொடங்குகிறது. ஏழெட்டு நாட்கள் நீடிக்கும் இச்சந்தைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

பெயரைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். பண்டைக் கலிங்கத்தின் கடல் வணிகர்கள், ஒடியா மொழியில் 'சாதவர்'கள், பாலி, சாவகம், சுமத்திரா முதலிய தீவுகளுக்குப் பயணம் புறப்பட்ட நாளின் நினைவே இவ்விழா என்பது பரவலான விளக்கம். ஒடியா மொழியில் 'பாலி' என்பதற்கு மணல் என்றும் பொருள் உண்டு. ஆதலால் ஆற்று மணலில் கூடும் விழா என்று கொள்வோரும் உளர். சைதன்யர் பூரிக்குச் செல்லும் வழியில் இந்த மணற்கரையில் இறங்கியதன் நினைவு என்பது மூன்றாவது நம்பிக்கை. நகர மக்கள் இம்மூன்றையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு சந்தைக்குப் போகிறார்கள். அதுவே சரியென்று நமக்கும் தோன்றுகிறது.

கடற்பயணத்துக்கும் கார்த்திகைக்கும் உள்ள தொடர்பு காற்றைச் சார்ந்தது. இப்பருவத்தில் வங்கக் கடலில் வடகிழக்குக் காற்று நிலைபெறுகிறது. கலிங்கத் துறைகளிலிருந்து புறப்படும் பாய்மரக் கலம் இக்காற்றின் துணையால் கரையோரமாகத் தெற்கே இறங்கி, இலங்கையை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சுமத்திராவை நோக்கிச் செல்லும். மீண்டு வருவதற்குத் தென்மேற்குக் காற்று எழும்வரை காத்திருக்க வேண்டும். ஆக, கார்த்திகையில் வழியனுப்பியவரை மறு ஆண்டில்தான் வீட்டார் காண முடியும். இவ்வணிகத்தில் தமிழகக் கரைக்கும் பங்குண்டு. பாலித் தீவின் செம்பிரான் என்னும் ஊரில் நடந்த அகழாய்வில், உட்புறம் பற்சக்கர வரிகள் பதித்த மட்கலத் துண்டுகள் கிடைத்தன. அதே வகை மட்கலங்கள் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலும், ஒடிசாவின் பழைய நகரமான சிசுபாலகரிலும் கிடைத்துள்ளன.

இந்த வழியனுப்புதலுக்குள் இருந்த அச்சத்தை அளந்து சொல்ல, வங்கித் தொழிலுக்கு நெருக்கமான சான்று ஒன்று உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நூறு பணத்துக்கு மாத வட்டி இவ்வளவு என்று வகுக்கிறது. சாதாரணக் கடனுக்கு ஒன்றேகால் பணம், வணிகக் கடனுக்கு ஐந்து, காட்டு வழியே செல்லும் வணிகருக்குப் பத்து, கடலோடிகளுக்கு இருபது. வீட்டுத் தேவைக்குக் கடன் வாங்கியவரைக் காட்டிலும் கடலோடி பதினாறு மடங்கு வட்டி கொடுத்தார். கலம் திரும்பினால் கடன்காரரும் கடன் கொடுத்தவரும் செல்வராவர். திரும்பாவிட்டால் கொடுத்தவருக்குப் பணமும் வீட்டாருக்கு மனிதரும் இல்லை. ஆற்றில் மிதக்கும் அந்தச் சிறு விளக்கை இவ்விகிதத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது, அது வெறும் அலங்காரம் அன்று என்பது விளங்கும்.

இனிச் சந்தைக்குள் செல்வோம். பாலி யாத்ராவுக்குப் போவோரில் பெரும்பாலோர் உண்பதற்காகவே போகிறார்கள் என்றால் மிகையாகாது. முதலிடம் தஹிபரா ஆலுதம் என்னும் சிற்றுண்டிக்கு. உளுந்து வடையை நீர்த்த மோரில் ஊறவைத்து, அதன்மேல் காரமான உருளைக்கிழங்குக் குழம்பையும் பட்டாணிச் சுண்டலையும் ஊற்றி, நறுக்கிய வெங்காயமும் ஓமப்பொடியும் தூவித் தருவார்கள். நம்முடைய தயிர் வடையை எதிர்பார்த்து வாங்குபவர் வியப்படைவார். இங்கே தயிர் கெட்டியாக இராது. வடை மோரைக் குடித்துப் பஞ்சுபோல் இருக்கும். புளிப்பும் காரமும் ஒரே வாயில் சேரும். கட்டாக்கின் தெருக்களில் ஆண்டு முழுவதும் மிதிவண்டியின் இருபுறமும் பெரிய பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு இதை விற்போர் பலர். சந்தை நாட்களில் அவர்களில் பலரைத் திடலில் காணலாம். கடைசியில் இன்னும் கொஞ்சம் மோர் கேட்டு வாங்கிக் குடிப்பது இவ்வூர் வழக்கம். தயங்காமல் கேட்கலாம்.

அடுத்தது துங்கா பூரி. தட்டைவிட அகலமான இப்பூரியைச் சேனா என்னும் பால்திரட்டில் செய்த குழம்போடு உண்பர். ஒருவர் ஒன்றை முடிப்பது கடினம், இருவராகப் பகிர்ந்துகொள்வது நலம். இனிப்புகளில் சேனாபோடா, பால்திரட்டைச் சர்க்கரையோடு பிசைந்து இலையில் பொதிந்து மணிக்கணக்கில் சுட்டெடுப்பது. அதன் கருகிய ஓரத்துக்குத்தான் போட்டி. கேந்திரபாடாவின் ரசாபளியும் ஒடிசா ரசகோலாவும் புவிசார் குறியீடு பெற்றவை.

ஓர் உணவு வழக்கத்தை முன்கூட்டி அறிந்திருப்பது பயன்தரும். கார்த்திகை மாதம் முழுவதும் ஒடியாக் குடும்பங்கள் பலவற்றில் மீனும் இறைச்சியும் கிடையாது. கடைசி ஐந்து நாட்களில் கொக்குகூட மீனைத் தொடாது என்பது அங்குள்ள நம்பிக்கை. முழுநிலவுக்கு மறுநாள் 'சாடகாய்' என்னும் பெயரில் நோன்பு முடிகிறது. அன்று ஊரெங்கும் மீன், இறைச்சிக் கடைகளில் நிற்க இடமிராது. சைவ உணவை விரும்புவோருக்கு முதல் நாள் உகந்தது. மற்றவர்கள் இரண்டாம் நாளுக்குப் பிறகு செல்லலாம்.

பொருட்களில் கட்டாக்குக்கே உரியது 'தாரகாசி' என்னும் வெள்ளிக் கம்பி வேலை. வெள்ளியைத் துளைகளின் வழியே இழுத்து இழுத்து மயிரிழைபோல் ஆக்கி, இரு இழைகளை முறுக்கித் தட்டையாக்கி, இலையாகவும் பூவாகவும் வளைத்து, பொடிவைத்துப் பற்றவைக்கிறார்கள். 2024இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வாங்குவோர் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். தாரகாசி நகையின் விலையில் வெள்ளியின் மதிப்பைவிடக் கைவேலையின் கூலி மிகுதியாக இருக்கும். மீண்டும் விற்கப் போனால் கூலிக்கு மதிப்பிட மாட்டார்கள், வெள்ளியின் எடைக்கே பணம் தருவார்கள். ஆதலால் இதனை முதலீடாகக் கருதாமல், அணியவும் அன்பளிப்பாகத் தரவும் வாங்குவதே பொருத்தம். எடையும் தூய்மையும் குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுக.

ஒடிசா ஊரக வளர்ச்சி, சந்தைப்படுத்தல் சங்கமாகிய 'ஓர்மாஸ்' நடத்தும் பல்லிஸ்ரீ மேளாவும் இத்திடலில் இடம்பெறுவதுண்டு. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்து மகளிர் சுய உதவிக் குழுவினர் தம் பொருட்களைக் கொண்டுவருகின்றனர். கந்தமால் மஞ்சள், கோராபுட் காப்பி, பிப்பிலியின் ஒட்டுத்துணி வேலை, சம்பல்பூர்க் கைத்தறி, டோக்ரா உலோகச் சிற்பம் ஆகியவற்றைச் செய்தவர் கையிலிருந்தே வாங்க இயலும். 1992இல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு வங்கி இணைப்புத் திட்டம் எவ்வாறு பயன்பட்டது என்று அறிய விரும்பும் வாசகர், புள்ளிவிவர அறிக்கைகளுக்கு முன் இக்கடைகளில் அரைமணி நேரம் பேசிப் பார்க்கலாம். அங்காடியின் பிற பகுதிகளில் எந்த ஊர்ச் சந்தையிலும் கிடைக்கும் நெகிழிப் பொம்மைகளும் மலிவு உடைகளுமே நிறைந்துள்ளன. அவற்றை விரைந்து கடந்துவிடலாம்.

ஒரு வாரச் சந்தை சிறு வணிகருக்கு எத்தகையது? இடத்துக்கு முன்பணம், பந்தல், விளக்கு, உதவியாளர் கூலி, உளுந்து, எண்ணெய், விறகு அல்லது எரிவாயு என எல்லாச் செலவும் முதல் வடை விற்பதற்கு முன்பே முடிந்துவிடும். வரவோ ஏழெட்டு மாலைகளில் வந்தாக வேண்டும். அக்டோபரும் நவம்பரும் வங்கக் கடலில் புயல் மாதங்கள். 1999 அக்டோபர் 29 அன்று பாராதீப் அருகே கரையைக் கடந்த பெரும்புயலை ஒடிசா இன்னும் மறக்கவில்லை. இரண்டு மாலை மழை பெய்தால் அரைத்த மாவு புளித்துப் போகும். கடன் மட்டும் புளிப்பதில்லை. காலையில் தொள்ளாயிரம் வாங்கி மாலையில் ஆயிரமாகத் திருப்பித் தரும் வகைக் கடன்கள் நாட்டின் எல்லாச் சந்தைகளிலும் உண்டு. ஒரே நாளில் நூறு ரூபாய் வட்டி. அர்த்தசாஸ்திரக் கடலோடி ஒரு மாதத்துக்குக் கொடுத்த வட்டியில் பாதிக்கு மேற்பட்டதை இக்கடைக்காரர் ஒரே பகலில் கொடுத்துவிடுகிறார்.

இந்நிலைக்கு மாற்றாகவே 2020 ஜூன் மாதத்தில் பிஎம் ஸ்வநிதி திட்டம் தொடங்கப்பட்டது. நகரத் தெருவோர வணிகர் பிணையின்றி வங்கிக் கடன் பெறலாம். 2025இல் திருத்தப்பட்டபின் முதல் தவணை 15,000 ரூபாய் வரை, அதைச் செலுத்தி முடித்தால் இரண்டாவது 25,000, மூன்றாவது 50,000. தவணை தவறாதோருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. நீங்கள் வழக்கமாகக் காய்கறியோ பூவோ வாங்கும் வணிகருக்கு இது தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாதவர் இன்னும் பலர்.

பணம் செலுத்துவதைப் பற்றியும் சில சொற்கள். இங்கே வடைக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. எனினும் இலட்சக்கணக்கானோர் ஒரே திடலில் நெருங்கும்போது கைப்பேசி இணைப்பு தடுமாறும். சில நூறு ரூபாயைச் சில்லறை நோட்டுகளாக வைத்திருங்கள். யூபிஐ லைட் வசதியில் 5,000 ரூபாய் வரை முன்கூட்டி ஏற்றிக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இன்றிச் செலுத்தலாம். கணக்கில் பணம் கழிந்தும் கடைக்காரருக்குச் சேரவில்லையெனில், அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் அனுப்ப வேண்டாம். வணிகருக்குச் செலுத்திய தொகை அந்நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தானே திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை உண்டு என்றும் ரிசர்வ் வங்கி 2019இல் விதித்துள்ளது. பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. 'தவறாக அனுப்பிய பணத்தைத் திருப்பித் தர இதை ஸ்கேன் செய்யுங்கள்' என்று எவரேனும் சொன்னால் விலகிவிடுங்கள். ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஷாலிமார் செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி கட்டாக்கில் நிற்கிறது. விமானத்தில் வருவோர் புவனேஸ்வரத்தில் இறங்கி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலைவழி வர வேண்டும். அச்சாலையில் பாஹாள என்னும் சிற்றூரில் இருமருங்கும் ரசகோலாக் கடைகள். பயணத்தேதியைக் குறிக்கும்போது நம் நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். ஒடியா மக்கள் கார்த்திகையைச் சந்திரனைக் கொண்டும் நாம் சூரியனைக் கொண்டும் கணிக்கிறோம். 2024இல் அவர்களது கார்த்திகை முழுநிலவு நவம்பர் 15, நமது கார்த்திகைத் தீபம் டிசம்பர் 13. 2025இல் நவம்பர் 5, டிசம்பர் 3. 2026இல் இரண்டும் நவம்பர் 24ஆம் நாளிலேயே அமைகின்றன. படகு விடுவதைக் காண விரும்புவோர் அதற்கு முந்தைய மாலையே கட்டாக்கை அடைந்துவிட வேண்டும்.