எடுத்ததை ஊருக்குப் போட்டுக் காட்டுங்கள்!

வட சென்னையை ஒட்டிய மீனவர் பகுதியான காட்டுப்பள்ளிக்குக் கேமரா புதிதல்ல. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தாலும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு வந்து படகிலும் வலையிலும் அப்பிக்கொண்டாலும், துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்துக் குப்பங்கள் திரண்டாலும் மைக்கோடு ஆள் வந்துவிடுகிறது. பேட்டி எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். சொன்னதில் எது மிஞ்சியது, எது வெட்டுப்பட்டது என்று சொன்னவர்களிடம் வந்து காட்டுகிறவர்கள் குறைவு.

வட சென்னைப் பள்ளிகளில் மாணவர்களே வீடியோ எடுக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். 'டிஜிட்டல் திறன்' மாதிரியான கருத்தரங்கப் பேச்செல்லாம் அப்புறம்.

புகைப்படத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு தொடக்கம் இருக்கிறது. 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரான எம். பழனி குமார், வட சென்னையின் மீனவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் எடுத்த படங்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்காட்சியாகவே வைக்கப்பட்டன. வெளியாள் எடுத்தால் 'பாவப்பட்ட ஏரியா' ஆகிவிடும் தெருவை, அங்கேயே வளர்ந்த பிள்ளை வேறு மாதிரி பார்க்கும். அதற்குப் பின்னணி இசை தேவைப்படாது.

அசையும் படத்தில் நமக்கு ஒரு முன்னோடி வேண்டுமென்றால் கனடாவுக்குப் போகவேண்டும். நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ ஒரு மீனவர் தீவு. மீன்பிடி நொடித்துப்போக, மக்களை அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்ற பேச்சு அரசிடம் இருந்தது. 1967-ல் தேசியத் திரைப்பட வாரியத்தின் இயக்குநர் காலின் லோ, நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தீவுக்குப் போனார். ஒரே பெரிய ஆவணப்படமாக எடுக்காமல், ஒரு படத்துக்கு ஒரு ஆள் அல்லது ஒரு விஷயம் என்று இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களாக எடுத்தார். பேசியவரிடமே முதலில் போட்டுக் காட்டினார். வேண்டாம் என்று அவர் சொன்ன பகுதி வெளியே போகவில்லை. பிறகு ஊர் ஊராகத் திரையிட்டார்கள். ஒருவரோடு ஒருவர் அதிகம் ஒட்டாமல் இருந்த சிற்றூர்கள், எல்லோருக்கும் ஒரே கவலைதான் என்பதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொண்டன. படங்களைப் பார்த்த மீன்வள அமைச்சர் அளித்த பதிலையும் படமாக்கித் தீவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கூட்டுறவுச் சங்கம் பிறந்தது; தீவு காலியாகவில்லை. படம் மட்டுமே காரணமென்று சொன்னால் அது மிகை. ஆனாலும் படத்தை எடுத்ததைவிடப் போட்டுக் காட்டியதுதான் அங்கே பெரிய வேலை செய்தது.

அங்கே படமெடுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். இங்கே அந்த வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே செய்யலாம். கப்பல் கட்டும் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் பெயர்ந்தது. தளத்தோடு வந்த துறைமுகமும் 2018-ல் எல் அண்ட் டி-யிடமிருந்து அதானி குழுமத்துக்கு மாறிவிட்டது. இன்று பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் பழைய ஊரைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. 'ஆயா, நம்ம பழைய ஊரு எங்க இருந்துச்சு? கோயில் எந்தப் பக்கம்?' இந்த இரண்டு கேள்வியும் ஒரு செல்போனும் போதும், சமூக அறிவியலில் ஒரு மாதப் பாடம் கிடைத்துவிடும். அதே இடத்தைப் பற்றி இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். எதை வைப்பது, எதை வெட்டுவது என்று பிள்ளைகள் சண்டை போடும் அந்த மேசைதான் உண்மையான வகுப்பறை. கடல் நீரோட்டத்தை வன்னி, தெண்டி என்று பெயர் சொல்லிப் பிரிக்கிற அப்பாவை அறிவியலுக்கும், கழிமுகத்து நீரில் உட்கார்ந்து கையால் இறால் துழாவும் இருளர் பெண்களைத் தமிழ்க் கட்டுரைக்கும் கூப்பிடலாம்.

நீளமும் வேண்டாம். ஜோ லம்பர்ட்டும் நண்பர்களும் 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டிஜிட்டல் கதைசொல்லல் பட்டறைகளில், கதை இரண்டு மூன்று நிமிடம்தான்: சில படங்கள், சொல்பவரின் சொந்தக் குரல். ட்ரோன் ஷாட் தேடி அலைகிற நம் குறும்படப் போட்டிகளுக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. ஹைடெக் லேப்களும் வந்துவிட்டன. பார்க்கக் கற்றுக்கொடுத்தாயிற்று, எடுக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாக்கி. மாணவர் செல்போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கட்டும். ஆசிரியரின் போன் ஒன்றே குழுவுக்குப் போதும். துறைமுக வாசல் பக்கம் கேமராவோடு பிள்ளைகளை அனுப்பவே கூடாது. பேசுபவரிடம் முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். சின்னப் பிள்ளைகளின் முகத்தை யூடியூபில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் படம் தயாரானதும் மாவட்டப் போட்டிக்கு அனுப்பிவிடாதீர்கள். பேசிய பெரியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, ஒரு ஞாயிறு சாயங்காலம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகு போட்டிக்கு அனுப்பலாம்.