கடன் அன்பை முறிக்குமா?

நமது மளிகைக் கடைகளில் லக்ஷ்மி படத்துக்குப் பக்கத்தில் "கடன் அன்பை முறிக்கும்" என்ற அட்டை தொங்குவதைப் பார்க்காதவர் இரார். அதைத் தொங்கவிட்ட கடைக்காரரே மொத்த வியாபாரியிடம் பருப்பு மூட்டையைக் கடனுக்குத்தான் வாங்கி வந்திருப்பார் என்பது வேறு விஷயம்! கடன் இல்லாமல் கடையும் இல்லை, ஆலையும் இல்லை, அறுவடையும் இல்லை. ஆகவே, ஒரு தேசத்தில் கடன் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் நாம் கவனிக்கத் தகுந்த விஷயம்.

பெண்ணின் கல்யாணத்துக்கென்றும் பிள்ளையின் படிப்புக்கென்றும் நாம் மிச்சம் பிடித்துப் பாங்கில் போடும் பணம் அங்கே இரும்புப் பெட்டியில் உறங்கிக் கொண்டிருப்பதில்லை. ஒரு சிறு பகுதி ரொக்கமாக ரிஸர்வ் பாங்கிடம் இருக்கிறது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் சர்க்கார் பத்திரங்களாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி, வியாபாரிக்கும் தொழிலாளிக்கும் விவசாயிக்கும் முதலாளிக்கும் கடனாகப் போகிறது. பாங்கு கொடுப்பது தன் பணத்தை அன்று, நம் பணத்தை.

இதைச் சென்னை நகரத்தார் 1906-ஆம் வருஷத்தில் கண்ணீருடன் கற்றுக் கொண்டார்கள். அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேயக் கம்பெனி முறிந்து போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நம்பிப் போட்டிருந்த சேமிப்பு, கடல் கடந்த ஊக வியாபாரங்களில் கரைந்து போயிருந்தது. நம் பணத்தை நாமே காத்து, நம் நாட்டுத் தொழிலுக்கே கொடுக்க வேண்டும் என்ற வைராக்கியம் அப்போது பிறந்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோரின் முயற்சியால் 1907-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தியன் பாங்கு வேலை தொடங்கியது. நாற்பது வருஷங்களுக்குப் பின் அதே தேதி தேசத்தின் சுதந்திரத் திருநாளாயிற்று!

ஆனால் சுதேசிப் பாங்குகளும் பட்டணத்துப் பெருவீதிகளைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. 1951-52-இல் ரிஸர்வ் பாங்கு கிராமக் கடன் நிலைமையை ஆராய்ந்தபோது ஒரு கசப்பான உண்மை வெளிப்பட்டது. விவசாயிகள் வாங்கிய கடனில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு லேவாதேவிக்காரர்களிடமிருந்து வந்தது. வியாபாரப் பாங்குகள் கொடுத்ததோ ஒரு பங்குகூட இல்லை. 1969-ஆம் வருஷம் ஜூலை 19-ஆம் தேதி 14 பெரிய பாங்குகளைச் சர்க்கார் தேசவுடைமையாக்கியது. அப்போது நாட்டில் 8,000-க்குச் சற்று அதிகமான கிளைகளே இருந்தன. 1990-இல் அவை ஏறத்தாழ 60,000 ஆயின. கடனில் நூற்றுக்கு 40 பங்கு விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குப் போகவேண்டும் என்ற விதியும் பிறந்தது.

இதனால் குறையெல்லாம் தீர்ந்ததா? இல்லை. 1990-ஆம் வருஷ வாக்கில் பாங்கில் விழுந்த 100 ரூபாயில் 38½ ரூபாயைச் சர்க்கார் பத்திரம் முதலியவற்றிலும், 15 ரூபாயை ரொக்க இருப்பாகவும் வைக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தியது. பாதிக்கும் குறைவான பணமே மற்றத் தேவைகளுக்கு எஞ்சியது. 1991-க்குப் பிறகு அந்தக் கட்டுகள் படிப்படியாகத் தளர்ந்தன. உடனே எதிர்ப்பக்கத்துக் குற்றம் தலைதூக்கியது. மின்சாரம், இரும்பு, சாலை என்று பெரும் திட்டங்களுக்கு வாரிக் கொடுத்தார்கள். பெரிய கட்டடத்தையும் பெரிய பெயரையும் கண்டால் கேள்வி கேட்க நா எழுவதில்லை போலும்! 2018 மார்ச்சில் பாங்குகளின் கடனில் நூற்றுக்கு 11-க்கு மேல் வாராக் கடனாக நின்றது. 2024 மார்ச்சில் அது மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. வசூலானது ஒரு பகுதி. கணக்கிலிருந்து தள்ளி எழுதப்பட்டது மற்றொரு பகுதி.

இனி மறுபுறம் பாருங்கள். சொந்தத்தில் பட்டுச் சேலை நெய்யும் ஒரு நெசவாளரை மனத்தில் நினைத்துக் கொள்வோம். நூலுக்கும் ஜரிகைக்கும் இன்றே பணம் வேண்டும்; கடைக்காரரிடமிருந்து சேலைக்குப் பணம் வருவதற்கு மூன்று மாதமாகும். பாங்கில் பட்டா கேட்கிறார்கள். அவர் இருப்பதோ வாடகை வீடு. மூன்று வட்டிக்கு ஒரு லக்ஷம் வெளியில் வாங்குகிறார். வருஷத்துக்கு வட்டி மட்டும் 36,000 ரூபாய். பாங்கு 12 சதவிகிதத்துக்குக் கொடுத்திருந்தால் 12,000-த்தோடு போயிருக்கும். இடையிலுள்ள 24,000 ரூபாய்தான் இன்னொரு தறி. அல்லது பிள்ளையின் காலேஜுச் சம்பளம். அவருடைய கையிலுள்ள தொழிலை ஈடாக மதிக்க ஆள் இல்லாததால் அது பறிபோகிறது.

சொத்து இல்லாதவரை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பலாம் என்று காட்டியவர்கள் நமது கிராமத்துப் பெண்கள். 1992-இல் நபார்டு பாங்கு 500 சுய உதவிக் குழுக்களை வைத்து ஒரு பரீக்ஷை தொடங்கியது. முதலில் தாங்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்துப் பழகிய பிறகு, குழுவின் பொறுப்பிலேயே பாங்குக் கடன். ஒருத்தி தவறினால் மற்றவர் கேட்பார்கள், அதுவே ஜாமீன். இன்று அத்தகைய குழுக்கள் லக்ஷக்கணக்கில் இருக்கின்றன. சிறு தொழில்களுக்கு 10 லக்ஷம் ரூபாய் வரை ஈடு கேட்கலாகாது என்று ரிஸர்வ் பாங்கு 2010-இல் விதித்தது. கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் நிதி ஒன்றும் 2000-ஆம் வருஷம் முதல் இருந்து வருகிறது. விதி இருக்கிறது; அதை அறிந்து கேட்பவர் வேண்டும், கேட்டால் மனமிரங்கிக் கணக்குப் பார்க்கும் மானேஜரும் வேண்டும்.

வாங்குபவருக்கும் ஒரு கடமை உண்டு. தொழிலுக்கென்று வாங்கியதைக் கல்யாணப் பந்தலில் செலவழிப்பவர், அடுத்து வரும் யோக்கியருக்குக் கதவை அடைத்துவிடுகிறார். வரவு செலவை ஒழுங்காக எழுதி வைப்பதும் தவணை தவறாமையும் ஏழைக்கு நிலத்தைவிடப் பெரிய சொத்து.

அடுத்த முறை பாங்குக்குப் போகும்போது நேயர்கள் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் செலுத்தும் பணம் நம் தெருவிலுள்ள தறிக்கும் பட்டறைக்கும் திரும்பி வருகிறதா? வந்தால், கடன் அன்பை முறிக்காது. ஊரையே வாழ வைக்கும்.