இருமொழிப் பள்ளியின் நூல்நிலையத் தலைவர்

நூல்நிலையத் தலைவர் என்ற அளவில் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன, சிறு முணுமுணுப்புக்கும் நிமிர்ந்து நோக்கும் கடுத்த முகமும், தவணை கடந்த புத்தகத்திற்கு விதிக்கப்படும் அபராதமுமேயாம். நாமும் சென்ற ஆண்டுவரை அங்ஙனமே எண்ணியிருந்தோம். இவ்வாண்டு நம் கல்லூரி நூல்நிலையத்தில் மாலை வேளைகளில் நூல்களை அடுக்கி வைக்கும் மாணவரோடு சேர்ந்த பின்னரே, ஒரு நூலை எவ்விடத்தில் வைப்பது என்னும் எளிய வினாவினுள் எத்துணைச் சிக்கல்கள் அடங்கியுள்ளன என்பது புலனாயிற்று. ஒரு மொழியே தலைமை பூண்ட நூல்நிலையத்திலேயே இவ்வாறாயின், இரு மொழிகள் சரியாசனத்தில் வீற்றிருக்கும் பள்ளியொன்றின் நூல்நிலையத் தலைவர் நிலை யாதாகும்? இதனை ஆராயப் புகுந்து நாம் அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

இத்தகைய பள்ளிகளுள் ஒன்று ஜினீவா சர்வதேசப் பள்ளி. முதல் உலகப்போர் முடிந்தபின் சர்வதேச சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜினீவா நகரில் நிலைகொண்டன. பல நாட்டு உத்தியோகஸ்தர்கள் குடும்பத்தோடு அங்கு வந்து குடியேறினர். அவர்தம் மக்கள் பயிலும்பொருட்டு 1924-ஆம் ஆண்டில் அப்பள்ளி தோன்றியது. நகரத்தார் பேசுவது பிரெஞ்சு. வந்து குடியேறியவருட் பலர் அறிந்தது ஆங்கிலம். ஆகவே இரண்டுமே பயிற்றுமொழிகளாயின. இன்று உலகெங்கும் பரவியுள்ள இண்டர்நேஷனல் பாக்கலாரியேட் என்னும் பாடத்திட்டமும் தேர்வமைப்பும் 1968-இல் அந்நகரிலேயே உருப்பெற்றன. அதற்கு அப்பள்ளி ஆசிரியர்கள் ஆற்றிய பணி பெரிது. இனிக் கூறப்போவன அந்த ஒரு பள்ளியைப் பற்றியன அல்ல. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒப்ப வழங்கும் எப்பள்ளியின் நூல்நிலையத் தலைவரும் எதிர்ப்படும் செய்திகளேயாம்.

அதே 1924-ஆம் ஆண்டு நமக்கும் நினைவிற்குரியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்று, பின்னர்க் கணித ஆசிரியராயிருந்த சீ. இரா. அரங்கநாதன் அவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூல்நிலையத் தலைவராய் அமர்ந்தது அவ்வாண்டின் ஜனவரித் திங்களிலேதான். 1931-இல் அவர் வெளியிட்ட நூல்நிலைய விதிகள் ஐந்தனுள் இரண்டு ஒன்றையொன்று நோக்கி நிற்பன: படிப்பவர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூல் கிட்டவேண்டும் என்பது ஒன்று, நூல் ஒவ்வொன்றற்கும் உரிய வாசகர் கிட்டவேண்டும் என்பது மற்றொன்று. கேட்பதற்கு இவை எளியனவே. ஆயினும் ஒரே சிறுவன் காலையில் ஆங்கிலத்திற் கணக்குப் பயின்று, மாலையிற் பிரெஞ்சில் வரலாறு பயில்வானாயின், அவனுக்குரிய நூல் எம்மொழியில் உள்ளது? அதனை அவன் எம்மொழிப் பெயரால் தேடுவான்? இருமொழிப் பள்ளியில் இவ்விரு விதிகளும் கடினமாகிவிடுகின்றன.

கண்ணுக்குப் புலனாகும் சிறு செய்தியிலிருந்து தொடங்குவோம். புத்தகத்தின் முதுகுப்புறத்தில் அதன் பெயர் அச்சிடப்பட்டிருப்பதை அனைவரும் அறிவர். ஆங்கிலப் புத்தகங்களில் அது மேலிருந்து கீழ்நோக்கி ஓடும். பிரெஞ்சுப் புத்தகங்களிற் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கி ஏறும். ஆங்கில நூலின் பெயரைப் படிப்பவர் தலையை வலப்புறமும், பிரெஞ்சு நூலின் பெயரைப் படிப்பவர் இடப்புறமும் சாய்த்தல் வேண்டும். இருமொழி நூல்களையும் ஒரே வரிசையில் விரவி வைத்தால், தேடுபவர் தலை கடிகாரத்து ஊசற்குண்டைப்போல இரு பக்கமும் ஆடும். புத்தகத்தைத் திறந்தாலும் வேற்றுமை ஒழிவதில்லை. ஆங்கில நூலின் பொருளடக்கம் முன்னே நிற்கும்; பிரெஞ்சு நூல் பலவற்றுள் அது கடைசிப் பக்கத்திற் காத்திருக்கும். முன்பக்கத்தைப் புரட்டிவிட்டு, "இந்நூலிற் பொருளடக்கமே இல்லை" என்று திருப்பி வைக்கும் சிறுவர்க்குக் கடைசிப் பக்கத்தைக் காட்டிக் கொடுப்பதும் நூல்நிலையத்தார் கடனே.

அங்ஙனமாயின் இரு மொழி நூல்களையும் வேறு வேறாக வைத்துவிடலாகாதோ எனின், அதனால் வேறோர் இடர் விளையும். ஒரு கூரையின்கீழ் இரண்டு நூல்நிலையங்கள் தோன்றிவிடும். ஆங்கிலத்தில் வல்ல பிள்ளை ஆங்கிலப் பகுதியைத் தாண்டி அடியெடுத்து வையாது. எரிமலையைப் பற்றிய நூலொன்றை விரும்பி வந்த பிள்ளைக்கு, அதன் அருகிலேயே அதைவிட அழகிய படங்களோடு பிரெஞ்சு நூல் ஒன்று இருப்பது தெரியாமலே போகும். விரவி வைப்பதே நன்றென்பார் ஒரு சாரார். பிரித்து வைப்பதே நன்றென்பார் மற்றொரு சாரார். நம் கருத்தைக் கேட்பின், அறிவியல், வரலாறு முதலிய பொருள்நூல்களை விரவியும், கதைநூல்களைப் பிரித்தும் வைத்தலே தகும். எரிமலையைத் தேடுவோன் பொருளைத் தேடுகின்றான். கதையைத் தேடுவோனோ மொழியையும் கூடவே தேடுகின்றான். கழுத்து நோதல் பொறுக்கத்தக்கதே.

கதைநூல்களைப் பிரிப்பதிலும் ஒரு முடிச்சு உண்டு. மெல்வில் டூயி என்னும் அமெரிக்கர் 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையே பெரும்பாலான பள்ளிகளில் வழங்குவது. அம்முறையில் இலக்கியம் 800 என்னும் எண்ணின்கீழ் வரும். ஆங்கில இலக்கியம் 820, பிரெஞ்சு இலக்கியம் 840. நூல் முதன்முதல் எம்மொழியில் இயற்றப்பட்டதோ அம்மொழிக்குரிய எண்ணையே மொழிபெயர்ப்பும் பெறும். செயிந்த் எக்ஸுபெரி எழுதிய "குட்டி இளவரசன்" என்னும் கதையை எடுத்துக்கொள்வோம். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் பிரெஞ்சுக்குரிய எண்ணிலேயே அமரும். ஆங்கிலம் ஒன்றே அறிந்த சிறுமி அதனைப் பிரெஞ்சு நூல்களின் நடுவே சென்று தேடுதல் எங்ஙனம்? இக்கதையின் பிறப்போ இன்னும் வியப்பிற்குரியது. நாட்டைவிட்டு நியூயார்க் நகரில் வாழ்ந்த காலத்தில் ஆசிரியர் அதனைப் பிரெஞ்சில் எழுதினார். 1943-இல் ஒரே பதிப்பகத்தார் அதன் பிரெஞ்சு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அந்நகரிலேயே வெளியிட்டனர். பிரான்ஸ் தேசம் விடுதலை பெற்ற பின்னரே அங்கு அது அச்சேறிற்று. பிறந்தபொழுதே இருமொழி உடுத்து வந்த நூலை எந்த அடுக்கில் ஏற்றுவது?

சாமுவேல் பெக்கெட் என்னும் அயர்லாந்து தேசத்தார் செய்தி இதனினும் சிக்கலானது. "கோடோவை எதிர்பார்த்து" என்று பொருள்படும் நாடகத்தை அவர் பிரெஞ்சில் எழுதி 1952-இல் வெளியிட்டார். பின் தாமே அதனை ஆங்கிலமாக்கி 1954-இல் வெளியிட்டார். இதில் மூலம் எது, பெயர்ப்பு எது என்று பகுத்தல் எண்முறைக்கு எளிது, வாசகர்க்கு எளிதன்று. இத்தகைய இடர்களால், பள்ளி நூல்நிலையங்கள் பல கதைநூல்களுக்கு எண்களை விடுத்து, ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளையே ஒட்டிவிடுகின்றன. நூல் கையில் எம்மொழியில் உள்ளதோ அம்மொழியின் அடுக்கில் அது ஏறும். ஒரே கதை இரண்டு இடங்களில் இருக்கும், தவறில்லை.

தசமப் பகுப்பைப் பற்றி இன்னும் ஒரு சொல். ஆங்கிலத்திற்கு மூன்று இலக்கங்களில் வீடு கட்டிக்கொடுத்த டூயியின் முறை, ஈராயிரம் ஆண்டு கண்ட நம் தமிழ் இலக்கியத்திற்கு ஒதுக்கியுள்ள இடம் 894.811. சங்கத்தொகை முதல் நேற்று வெளிவந்த நாவல் வரை யாவும் அந்தப் புள்ளிக்குப் பின்னே நெருங்கி நிற்கின்றன. சமயத்துக்குரிய 200-களிலும் அதுவே நிலை: 220 முதல் 280 வரை வேதாகமத்திற்கும் கிறிஸ்தவத்திற்கும் உரியன, உலகத்து ஏனைச் சமயங்கள் அனைத்தும் 290-இல் ஒடுங்குகின்றன. கிறிஸ்தவராகிய நாமே இதனைக் கூறுதல் தகும்: பல சமயத்துப் பிள்ளைகள் ஒருங்கு பயிலும் பள்ளியில், தன் சமயத்தைத் தேடிவரும் பிள்ளை அதனைக் கோடியிற் காண்பது முறையன்று. எண்களை மாற்றுதல் அரிது. ஆனால் எந்த அடுக்கைக் கண்ணுக்கு நேராக வைப்பது, எதற்குப் பெரிய பெயர்ப்பலகை எழுதுவது என்பன தலைவர் கையிலேயே உள்ளன.

அகரவரிசையும் வம்பு செய்யாமல் விடுவதில்லை. ழான் தெ லா ஃபோந்தேன் என்னும் பிரெஞ்சுக் கவிஞரை "லா" என்பதன்கீழ்த் தேடவேண்டும். வால்டர் டி லா மேர் என்னும் ஆங்கிலக் கவிஞரை "டி" என்பதன்கீழ்த் தேடவேண்டும். மாப்பசானுக்கு முன்னுள்ள "தெ" எண்ணப்படாது. நூற்பெயர்களின் முன்னே ஆங்கிலத்தில் ஒன்றும் பிரெஞ்சிற் பலவுமாக வரும் சுட்டுச் சொற்கள் வரிசைக்குக் கொள்ளப்படா. இவற்றைப் புதிதாய் வந்த உதவியாளர்க்குப் பயிற்றுவதற்குள் ஒரு பருவம் கழிந்துவிடும் எனலாம்.

ஆனால் தலைவரது புலமை உண்மையிற் சோதிக்கப்படும் இடம் நூற்பட்டியலே. இது இன்று கணிப்பொறியில் உள்ளதாயினும், பழைய அட்டைப் பெட்டிக்கிருந்த குணங்கள் யாவும் இதற்கும் உண்டு: இட்ட சொல்லைத்தான் திருப்பித் தரும். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையேயுள்ள கடலை ஆங்கிலேயர் "ஆங்கிலக் கால்வாய்" என்பர். பிரெஞ்சுக்காரரோ சட்டைக்கை என்று பொருள்படும் "லா மான்ஷ்" என்பர். கடல் ஒன்று, உரிமை கொண்டாடும் பெயர் ஒன்று, உருவத்தைக் கூறும் பெயர் ஒன்று. பட்டியலில் ஒரு பெயரையே எழுதிவைத்தால், மற்றைப் பெயரால் தேடும் பிள்ளைக்கு "நூல் இல்லை" என்னும் விடையே கிடைக்கும். நூல் பத்தடி தூரத்தில் இருக்கும்! பிரெஞ்சு நூல்நிலையங்கள் 1980 முதல் வழங்கும் "ரமோ" என்னும் பொருட்பெயர்த் தொகுதியும், அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தின் தொகுதியும் உறவுடையனவே. முன்னது, பின்னதனை ஒட்டிக் கனடா தேசத்து லாவால் பல்கலைக்கழகத்தார் அமைத்த தொகுதியிலிருந்து கிளைத்தது. ஆயினும் இரண்டையும் இணைத்து, ஒவ்வொரு நூலுக்கும் இருமொழிப் பெயர்களையும் இடுதல் நாள்தோறும் செய்யவேண்டிய பொறுமையான வேலை. இதனை எவரும் காண்பதில்லை. செய்யாது விட்டால் மட்டும் குறை தெரியும்.

நூல் வாங்குதலிலும் சமநிலை தானே அமைவதன்று. பிரான்ஸில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் நூலின் விலையைப் பதிப்பகத்தாரே விதிக்கச் செய்து, கடைக்காரர் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தள்ளிக்கொடுத்தலைத் தடுத்தது. இங்கிலாந்தில் 1900 முதல் நிலவிய அத்தகைய ஏற்பாடு 1997-இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஒழிந்தது. ஸ்விட்ஸர்லாந்து மக்களோ 2012-இல் வாக்கெடுப்பின் வழி நிலைத்த விலையை மறுத்தனர். இவ்வாறாக, ஒரே தொகையை இரு மொழிகளுக்கும் பகிர்ந்தளித்தாலும் கிடைக்கும் நூல்களின் எண்ணிக்கை ஒப்பதன்று. நிர்வாக சபையாரிடம் இதனை விளக்கி, "பணத்தில் சமம் என்பது அலமாரியில் சமம் ஆகாது" என்று வாதாட வேண்டியவரும் நூல்நிலையத் தலைவரே.

இத்துணையும் எதன்பொருட்டு எனின், நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். நாம் சிறுவயதிற் பயின்ற பள்ளியொன்றில் ஆங்கில நூல்கள் திறந்த அடுக்குகளில் இருந்தன. தமிழ் நூல்கள் மூலையிலிருந்த ஒரு கண்ணாடி அலமாரியிற் பூட்டப்பட்டிருந்தன. பூட்டியவர் தமிழை இகழ்ந்தவரல்லர். களவுபோகாமற் காக்கவே பூட்டினார். ஆனால் பத்து வயதுப் பிள்ளைகளாகிய நாம் அதனை அவ்வாறு அறிந்தோமில்லை. எம்மொழி விளையாடுதற்குரியது, எம்மொழி வணங்கிவிட்டு விலகுதற்குரியது என்பதை அந்தச் சாவி நமக்குக் கற்பித்துவிட்டது. பிற்காலத்தில் தமிழையே சிறப்புப் பாடமாக எடுத்தும், ஒரு தமிழ்நூலைக் கையிலெடுக்கையில் அனுமதி கேட்கவேண்டும் போன்ற ஒரு கூச்சம் நெடுநாள் நம்மை விடவில்லை. இருமொழிப் பள்ளியிற் பிரெஞ்சு அடுக்கு முழுதும் பழைய பாடநூல்களும், ஆங்கில அடுக்கு முழுதும் புதிய கதைகளுமாக இருப்பின், அங்குள்ள பிள்ளையும் இதனையே கற்கும். ஆசிரியர் வகுப்பில் இரு மொழியும் ஒன்றே என்று எத்துணை கூறினும், பிள்ளை அலமாரியையே நம்பும்.

தலைவர் எம்மரபில் வளர்ந்தவர் என்பதும் கருதற்பாலது. பிரான்ஸ் தேசத்துப் பள்ளிகளில் நூல்நிலையப் பொறுப்பாளர் ஆசிரியருள் ஒருவராகவே எண்ணப்படுவர்; 1989 முதல் அவர்க்கென ஆசிரியத் தேர்வும் உண்டு. ஆங்கில மரபினரோ கதை வாசிப்பை வளர்ப்பதைத் தம் முதற்கடமையாகக் கொள்வர் பலர். ஒருவர் "இம்மாணவன் செய்தியைச் சோதித்தறியக் கற்றானா?" என்பார்; மற்றவர் "இம்மாணவன் இவ்வாரம் என்ன கதை படித்தான்?" என்பார். இரு மரபினரையும் உதவியாளராகக் கொண்டு நடத்தும் தலைவர்க்கு இரண்டு கேள்வியும் வேண்டும். பாக்கலாரியேட் மாணவர் நாலாயிரம் சொற்களுக்கு மேற்படாத ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதும் காலத்தில் முதற்கேள்வியே மிகும். எடுத்தாண்ட கருத்துக்கு உரியவர் பெயரைக் குறித்தல் முதலியவற்றை அவரே கற்பிப்பர்.

இனி, இவ்விரு மொழிகளும் தாய்மொழி அல்லாத பிள்ளைகளும் இப்பள்ளிகளில் உளர். தம் தாய்மொழியின் இலக்கியத்தை, அதற்கு ஆசிரியர் இல்லாவிடத்தும், பள்ளியின் துணைகொண்டு தாமே பயின்று தேர்வெழுத அத்தேர்வமைப்பு இடந்தருகின்றது. அப்பொழுது தலைவர் தாம் ஓர் எழுத்தும் அறியாத மொழியில் நூல்களை வாங்கவேண்டும். பெற்றோரைக் கேட்பார், அந்நாட்டுப் புத்தகக் கடைக்கு எழுதுவார், வந்த நூலை எப்பக்கம் மேல் என்று பிள்ளையையே காட்டச் சொல்வார். பின் அதன் பெயரைப் பிள்ளை உச்சரிக்க, தாம் ரோமன் எழுத்தில் எழுதிப் பட்டியலிற் சேர்ப்பார். நூலின் சொந்த எழுத்தில் பெயரைக் கணிப்பொறியிற் பதிவதற்கும் அப்பிள்ளையே அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்துகொள்ளும்.