கிடங்குக்குப் போகாத குப்பை

புதுச்சேரி நகரக் குப்பை போய்ச் சேரும் குருமாம்பேட் கிடங்கு, எங்கள் மூலக்குளத்திலிருந்து அதிக தூரமில்லை. காய்கறிக் கழிவு அப்படி மலையாய்க் குவிந்து காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

அந்தக் கழிவைத்தான் கடைகளில் கேட்டு வாங்கி வந்து மட்க வைக்கிறேன். முதல் குவியல் நாறிப்போச்சு. "என்ன தம்பி, குப்பைக் கிடங்கு இங்க வந்துடுச்சா?"ன்னு பக்கத்து நிலத்து அம்மா கேட்டாங்க. பச்சைக் கழிவை மட்டும் கொட்டியதுதான் தப்பு. இப்போ ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு பங்கு சருகும் வைக்கோலும், நடுநடுவே சாணிக் கரைசல், வாரம் ஒருமுறை கிளறல். கையில் பிழிந்தால் ஈரம் தெரியணும், தண்ணீர் ஒழுகக் கூடாது. நாற்றம் போச்சு, மூன்று மாதத்தில் உரம்.

சவுக்கு மிலாரைக் குழியில் எரித்து, தணல் சாம்பலாகும் முன் தண்ணீர் ஊற்றினால் கரி கிடைக்கும். அப்படியே போட்டால் மண்ணின் சத்தை அது இழுத்துக்கொள்ளும். கோமியத்தில் ஊறவைத்து, உரத்தோடு கலந்து போடுங்க. செடி காற்றிலிருந்து எடுத்த கார்பனில் ஒரு பகுதி நூற்றாண்டுக் கணக்கில் மண்ணிலேயே தங்கும்.

கடைக்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "பிளாஸ்டிக் கலக்காம குடுங்கண்ணே." நீங்களும் ஒரு கூடையில் தொடங்கிப் பாருங்க.